கருப்புக்குள் ஓடு

நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்த நிலத்துக்கு அடியில் என்ன கொட்டிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே எங்களை அதன்மேல் அனுப்பினீர்கள். கால் வெந்துபோனவன் மேலேயே பழியையும் போட்டீர்கள்.

எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு மேலாளரைத்தான் சொல்கிறேன். பெயர் எழுதமாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும். தெரியாத மாதிரி நடித்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டி ஒரு சரக்குக் கிடங்கு. தொட்டிகள், ஷெட்டுகள், கடலிலிருந்து வரும் பைப்லைன், இவற்றைச் சுற்றி ஒரு நீளமான மதில். அதற்குள் தீயணைப்பு வேலைக்கு இருந்தவர்கள் நாங்கள். கம்பெனி ஆட்கள் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளிகள். சட்டையில் கம்பெனி பெயர் இருக்கும், அடையாள அட்டையில் ஒப்பந்தக்காரன் பெயர் இருக்கும். எங்கள் ஷிப்டில் நாலு பேர். லீடர், டிரைவர், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு பாய், நான். லீடர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. அவன் எண்ணூர் குப்பத்துக்காரன், நான் திருவொற்றியூர். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தோற்றவர்கள்.

எங்களை வேலைக்கு எடுத்தபோது தொட்டி தீப்பிடித்தால் என்ன செய்வது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நுரை அடிப்பது, பக்கத்துத் தொட்டியைக் குளிரவைப்பது, வால்வு எது, சைரன் எது. நான் அங்கே இருந்த வருடங்களில் ஒரு தொட்டியும் எரியவில்லை. எரிந்ததெல்லாம் புல்லுதான். மாசி முடிந்தால் ஆரம்பிக்கும். மதிலை ஒட்டி ஆள் உயரத்துக்கு நாணல், நடுவில் கோரை, ஓரத்தில் சீமைக்கருவேலம். மழைக்காலத்தில் முளைத்தது எல்லாம் பங்குனியில் காகிதம் மாதிரி ஆகிவிடும். யாராவது செம்புக்காகக் கேபிளைக் கொளுத்துவான், எவனாவது பீடியை எறிவான், மின்கம்பியில் பொறி விழும். அவ்வளவு போதும்.

புல்லுத் தீயை யாரும் மதிப்பதில்லை. தொட்டிப் பக்கம் வேலை செய்யும் நிரந்தர ஆட்கள் எங்களைப் பார்த்து, "இன்னா மாமு, மாட்டுக்குப் புல்லு அறுத்தாச்சா?" என்று கேட்பார்கள். பாய் திருப்பிக் கொடுப்பார். "அறுத்துட்டோம் நைனா. உங்க மேனேஜருக்குத்தான் பசியாம். எடுத்துகினு போ."

சிரித்துக்கொண்டேதான் போவோம். ஆனால் புல்லுத் தீயைப் போல ஆளை ஏமாற்றும் தீ வேறு இல்லை. இடுப்பு உயரத்துக்குத்தான் எரிந்துகொண்டிருக்கும், சாக்கால் அடித்தாலே போதும் என்று தோன்றும். காற்று ஒரு முறை மூச்சு விட்டால் பனைமரம் உயரத்துக்கு எழும்பும். ஆள் ஓடுவதைவிட வேகமாகப் போகும். மேட்டில் ஏறும்போது இன்னும் வேகம், ஏனென்றால் மேலே இருக்கும் புல்லைக் கீழே இருக்கும் சுவாலையே காயவைத்து வைத்திருக்கும். எரிகிற பிளாஸ்டிக் பை ஒன்று பறந்து போய் அந்தப் பக்கம் விழுந்தால் அங்கே இன்னொரு தீ. நீ ஒன்றை அணைத்துக்கொண்டிருப்பாய், உன் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று பிறந்திருக்கும்.

இதெல்லாம் நாங்களாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை டிரைவரின் புருவம் போயிற்று. ஒரு தடவை உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே அடர்ந்த புகைக்குள் நின்றுகொண்டிருந்தோம். புகை வழியாகக்கூட மின்சாரம் இறங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. வழியில் போன மின்வாரிய ஆள் ஒருவர் கத்திக் கூப்பிட்டதால் வெளியே வந்தோம்.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்த வகுப்பு.

மேலாளர் ஏற்பாடு செய்தார். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மலைப்பக்கம் காட்டுத்தீ அணைத்து ஓய்வுபெற்ற ஒருவரை வரவழைத்திருந்தார். ஏசி அறை, சுவரில் படம், எங்களுக்கு ஒரு சமோசா. வந்தவர் ஒல்லியாக இருந்தார். கையில் பழைய சூட்டுத் தழும்பு. படத்தைக் கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டு மேஜைமேல் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார்.

தீக்குத் தலை, விலா, வால் என்று மூன்று உண்டு என்றார். காற்று தள்ளும் பக்கம் தலை. இரண்டு ஓரமும் விலா. கிளம்பிய இடம் வால். தலைக்கு முன்னால் போய் நிற்கிறவன் முட்டாள். வாலில் ஆரம்பித்து, விலாவை அணைத்துக்கொண்டே போய், தலையைச் சுருக்க வேண்டும். ஒருவன் வேலை செய்யாமல் தீயையும் காற்றையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டியை வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்த வேண்டும், இன்ஜினை அணைக்கக் கூடாது. எங்கே நின்றாலும் தப்பிக்க இரண்டு வழி கையில் இருக்க வேண்டும்.

"ரெண்டும் போச்சுன்னா?" என்று பாய் கேட்டார்.

"கருப்புக்குள்ள ஓடு" என்றார் அவர். "எரிஞ்சு முடிஞ்ச தரை இருக்கு பார், அதுதான் கருப்பு. அங்க எரியறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. பச்சையப் பார்த்து ஓடினவன் செத்திருக்கான். கருப்பப் பார்த்து ஓடினவன் பிழைச்சிருக்கான்."

சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. தரைக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியணும். சில காட்டுல வேரும் மக்கின சருகும் உள்ளுக்குள்ளயே எரியும். மேல சாம்பல், அடியில நெருப்பு. அங்க கருப்பு நம்மள ஏமாத்திடும்." மேலாளர் பக்கம் திரும்பினார். "இங்க தரைக்கு அடியில என்ன சார்?"

மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "ஒண்ணுமில்ல. பழைய உப்பளம். களிமண்ணு" என்றார்.

இதுதான் நான் சொல்லும் பொய். இந்த நாலு வார்த்தை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். என் கூட்டாளி எழுந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு சொந்தம். "ஆமா சார், உப்பளம்தான். அவுரு சொல்றது கரீட்டு. சின்னப் புள்ளைல நாங்க அங்கதான் பந்து ஆடுவோம். பாத்தி காஞ்சா சிமென்ட் தரை கணக்கா கெட்டியா கீது. லாரி ஏறினாலும் இறங்காது."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் அங்கே ஆடியவன்தான். வெறுங்காலில் ஓடி, உப்புப் பொருக்கு கீறி, குதிகாலில் ரத்தம் வந்தவன். வெளியூர்க்காரன் ஒருவன் எங்கள் குழுவில் இருந்திருந்தால் அந்தத் தரையைச் சந்தேகப்பட்டிருப்பான். ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்திருப்பான். நாங்கள் உள்ளூர்க்காரர்கள். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம். தெரிந்தது பழைய தரை. அதன்மேல் வேறு ஒரு தரை வந்திருந்தது.

அதற்கான அடையாளம் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. உப்பளம் பள்ளமான இடம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், நாரை வந்து நிற்கும். கம்பெனி மதில் கட்டி அதை உள்ளே சேர்த்த பிறகு ஒரு வருடம் எங்களை அந்தப் பக்கம் விடவே இல்லை. தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகள் உள்ளே போய் வந்தன. பின்பக்க கேட்டில் நின்று லாரிக்குக் கைகாட்டியது மேலாளர்தான். நானே பார்த்திருக்கிறேன். வெள்ளம் வராமல் இருக்க மண் கொட்டி மேடாக்குகிறார்கள் என்று நினைத்தோம். அடுத்த மழையில் தண்ணீர் நிற்கவில்லை. நாரை வரவில்லை. மதிலின் அடியில் அடித்திருந்த கருப்புப் பட்டை பாதி மண்ணுக்குள் போயிருந்தது. புல் முளைத்தது. புல் முளைத்தால் அது தரைதானே?

தை மாதக் காலையில் தெருநாய்கள் எல்லாம் அங்கே போய்ச் சுருண்டு படுத்திருக்கும். பாய் ஒருநாள் கேட்டார், "இன்னாத்துக்கு இதுங்க ஷெட்டு உட்டுட்டு அங்க போய் குந்திக்கினு கீது?" புல்லுக்கு நடுவில் மெல்லிசாக வெள்ளையாக எழும்பும். பனி என்றோம். பங்குனியிலும் எழும்பியது. அதை யாரும் பனி என்று சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. இரும்புத் தூசியும் நிலக்கரித் தூசியும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு புகையைப் பார்த்து இது என்ன புகை என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு எப்போதோ போய்விட்டது.

சித்திரையில் ஒருநாள் காலை. நாஸ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். செக்யூரிட்டி கூப்பிட்டார், தொட்டிக்குப் பின்னால் புகை என்று.

வண்டியில் போய் இறங்கினோம். டிரைவர் வண்டியை மேற்கே தார்ச் சாலையில், வெளிவாசலைப் பார்த்து நிறுத்தினார். கூட்டாளி எப்போதும் செய்வதைச் செய்தான். ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கண்ணாடிக் கம்பியில் கட்டினான், காற்றைப் பார்ப்பதற்கு. துணி கிழக்கே ஆடியது. நிலத்துக் காற்று. தீ கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பைப்லைன்.

"வாலுலேர்ந்து ஆரம்பி. வடக்கு விலாவைப் புடி" என்றான் கூட்டாளி. பழைய உப்பளத்தின் வரப்பு ஒன்று மேற்கிலிருந்து கிழக்காக இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டு பக்கமும் மேடாகிவிட்டதால் வரப்பு என்றே தெரியாது, புல் குறைந்த ஒரு ஒற்றையடிப் பாதை மாதிரி இருக்கும். எங்களுக்குக் காலால் தெரியும். தெற்கே எரிந்துவிட்டது. வடக்கே எரியாத நாணல். நடுவில் வரப்பின் மேல் நாங்கள். எங்கெல்லாம் தீ வரப்பைத் தாண்டப் பார்க்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர். நான் ஹோஸ் பிடித்தேன், பாய் ஈரச்சாக்கு, கூட்டாளி கையில் நீளமான மட்டை. டிரைவர் வண்டியில் பம்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நன்றாகத்தான் போனது. மெதுவாகப் போனோம், மெதுவாகப் போவதுதான் சரி.

வாக்கிடாக்கியில் மேலாளர் வந்தார். அவர் எங்கிருந்து பேசினார் என்று தெரியாது. புகை இல்லாத இடத்திலிருந்து.

"இன்னும் அங்கயே என்ன பண்றீங்க? முன்னாடி போங்க. பைப்லைன் கிட்ட போயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

கூட்டாளி சொன்னான், "சார், தலைக்கு முன்னாடி போவக் கூடாது சார். நீங்கதானே கிளாஸ் வெச்சீங்க."

"கிளாஸ் எல்லாம் அப்புறம் பேசலாம். போக முடியலன்னா சொல்லு, போறவன வெச்சுக்கறேன்."

கூட்டாளி வாக்கிடாக்கியை இடுப்பில் சொருகினான். "பாத்தியாடா, தொரைக்கு பைப்பு மேல இருக்குற அக்கறையை" என்றான். பாய், "நமக்குள்ளயும் எண்ணெய் ஓடினா நம்ம மேலயும் இருக்கும்" என்றார்.

தலைக்கு முன்னால் போகவில்லை. ஆனால் வேகம் கூட்டினோம். வரப்பிலேயே கிழக்கே, இன்னும் கிழக்கே. வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. சிவப்புத் துணி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. தூரத்தில் ஒருவன் காற்றை மட்டும் பார்க்க வேண்டும் என்றார் அந்த மலைக்காரர். நாலு பேரில் ஒருவன் பம்பில், மூன்று பேர் தீயில். பார்க்கிறதுக்கு ஐந்தாவது ஆள் வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டோம். கொடுக்கவில்லை.

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல்காற்று எப்போது வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வெயில் ஏற ஏற நிலத்துக் காற்று சாகும். ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதிதான் ஆபத்து. புகை நேராக மேலே எழுந்தது. கூட்டாளி நின்றுவிட்டான். மூக்கைத் தூக்கினான்.

"காத்து திரும்பப் போவுது. வண்டிக்குப் போங்கடா. ஓடு."

ஓடினோம். கொஞ்ச தூரம்தான். தென்கிழக்கிலிருந்து கடல்காற்று குளுகுளுவென்று வந்தது. வேறு நாளாக இருந்தால் சட்டைப் பட்டனைக் கழற்றி நிற்போம் அந்தக் காற்றுக்கு. அவசரத்தில் முழுசாக அணையாமல் விலாவாகக் கிடந்த நெருப்பு அப்படியே எழுந்து தலையாகிவிட்டது. எங்களுக்கும் வண்டிக்கும் நடுவில் வரப்பைத் தாண்டி வடக்கே நாணலுக்குள் பாய்ந்தது. முன்னால் புகை, பின்னால் புகை, வலது பக்கம் நாணல் பற்றிக்கொள்ளும் சத்தம். அந்தச் சத்தம் துணி கிழிப்பது மாதிரி இருக்கும், யாரோ பெரிய பெரிய துணியாகக் கிழிப்பது மாதிரி. முகத்தில் வெப்பம் அறைந்தது.

"கருப்புக்குள்ள வாங்கடா!" என்றான் கூட்டாளி. வகுப்பில் சொன்னது. சரியாகச் சொன்னான். லீடர் முதலில் இறங்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம், எந்தக் குழி, எந்தப் படி, எந்த ஏணியாக இருந்தாலும். வரப்பிலிருந்து தெற்கே, எரிந்து முடிந்த தரையில் குதித்தான்.

அவன் விழவில்லை. இறங்கினான். வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது, ரொட்டி மேல்தோலை விரலால் குத்தினால் போகுமே அந்த மாதிரி. அந்த ஓட்டையிலிருந்து சிவப்பாகத் தெரிந்தது. அவன் போட்டிருந்தது கம்பூட்ஸ், மேல்வாய் திறந்த ரப்பர் பூட்ஸ். தணல் அதற்குள் கொட்டியது.

அவன் முதலில் கத்தியது வலியில் இல்லை. "வராதீங்கடா! காலை வெக்காத, தரை இல்ல! தரை இல்லடா!" என்றுதான் கத்தினான். நானும் பாயும் ஒரு காலைத் தூக்கியிருந்தோம். அப்படியே நின்றோம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவன் வாயைத் திறந்து அலறியிருந்தால் நாங்கள் அவனைத் தூக்கக் குதித்திருப்போம். மூன்று பேரும் உள்ளே.

பாய் ஈரச்சாக்கை முறுக்கி வீசினார். அவன் பிடித்தான். வரப்பு கெட்டியாக இருந்தது. பழைய வரப்பு, எங்கள் வரப்பு. அதில் குப்புறப் படுத்து இருவரும் இழுத்தோம். "இஸ்துடா! வுடாத, இஸ்து!" ஹோஸில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. வண்டியை எடுத்துவிடச் சொல்லி டிரைவருக்கு உத்தரவு போயிருக்கிறது. அவர் எடுக்கவில்லை. பம்ப் ஓடியது. தண்ணீரைச் சிதறலாகத் திருப்பி மூன்று பேர் மேலேயும் விழும்படி வைத்துக்கொண்டு மண்ணில் மூக்கை அழுத்திக் கிடந்தோம். பக்கத்தில் நாணல் எரிந்தது. காற்று சுவாலையை எங்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்தது. எங்களைச் சிக்கவைத்த அதே காற்று. புல்லுத் தீ ஒரு இடத்தில் நிற்காது. தின்றுவிட்டுப் போகும். போகும்வரை கிடந்தோம்.

டிரைவர் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்து பூட்ஸுக்குள் அடிக்கப் போனார். பாய் கையைத் தட்டிவிட்டார். "உள்ள தணல் கீது, ஆவியில வேவும்! முதல்ல கிழி!" கேபிள் அறுக்கும் கத்தியால் பூட்ஸைக் கிழித்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர், நிறைய நேரம், வெறும் தண்ணீர். செக்யூரிட்டி பற்பசையோடு வந்தார். பாய் அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

பூட்ஸிலிருந்து கொட்டியதை நான் பார்த்தேன். உப்பு இல்லை. களிமண் இல்லை. பாதி உருகிய ரப்பர், கேபிள் தோல், கரித்தூள், தார் மாதிரி ஏதோ ஒன்று. இதுதான் அந்த உப்பளத்தின் மேல் கொட்டப்பட்டது. மேலே மண் தூவி மூடியிருக்கிறார்கள். உள்ளே தானாகச் சூடேறிப் புகைந்து, புகைந்து, கூடாகிப்போய், கடைசியில் மேலே இருந்த புல்லைப் பற்றவைத்தது. யாரும் பீடி எறியவில்லை. தீ கீழேயிருந்து வந்தது. நாய்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. வெளியே கன்டெய்னர் லாரி வரிசை, எப்போதும் போல. நான் இறங்கி லாரி கதவுகளைத் தட்டிக்கொண்டே முன்னால் ஓடினேன். டிரைவர்கள் பாவம், அவர்களுக்கும் நகர இடமில்லை. உள்ளே பாயின் மடியில் தலை வைத்துக்கொண்டு கூட்டாளி, "பேஜாரா கீது பாய், பேசிக்கினே இரு" என்று கேட்டிருக்கிறான். பாய் பிரியாணி விஷயம் பேசினாராம், ராயபுரத்தில் எந்தக் கடை, எந்தக் கடையில் ஏமாற்றுகிறான் என்று. ஆஸ்பத்திரி போகிறவரை.

கால் விரல்கள் போய்விட்டன. தொடையிலிருந்து தோலை எடுத்துக் காலில் வைத்தார்கள். கம்பு ஊன்றி நடக்கிறான்.

மேலாளர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. அடுத்த வாரம் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரையும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசினார். "லீடரோட தவறான முடிவாலதான் விபத்து. வண்டிய விட்டு அவ்வளவு தூரம் போனது தப்பு. எரிஞ்ச இடத்துல இறங்கினது தப்பு. அந்தத் தரை கெட்டின்னு வகுப்புல எல்லார் முன்னாடியும் உறுதி சொன்னதே அவர்தான். உள்ளூர்க்காரர் சொல்றார்னு நான் நம்பினேன்."

நான் கையைத் தூக்கினேன். "சார், உப்பளம், ஒண்ணுமில்லன்னு முதல்ல சொன்னது நீங்க."

"அவர் ஆமான்னாரே."

"முன்னாடி போங்கன்னு சொன்னதும் நீங்க."

"வாக்கிடாக்கில யார் எப்படிக் கேட்டாங்களோ, நான் பொறுப்பில்ல."

"லாரில இன்னா சார் வந்துச்சு?"

கூட்டம் முடிந்தது என்றார். மாதக் கடைசியில் எங்கள் ஒப்பந்தமும் முடிந்தது என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த மதிலைத் தாண்டி வெளியே வந்தபோது நன்றாக மூச்சு விட்டேன். மூச்சில் நிலக்கரித் தூசி இருந்தது, அது வேறு.

எனக்குத் தூக்கம் வராதது வேறு காரணத்துக்காக. அவன் நம்பிவிட்டான். மேலாளர் சொன்னதை என் கூட்டாளி நம்பிவிட்டான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தான். டிவி ஓடியது, அவன் பார்க்கவில்லை.

"நான்தானடா எயுந்து நின்னேன்" என்றான். "எவனும் என்னைக் கேக்கல. நானா நின்னேன். கெட்டித் தரைன்னேன். உன்னையும் பாயையும் அதுல கூப்ட்டேன். கருப்புக்குள்ள வாங்கடான்னு வாயால கூப்ட்டேன்."

"கூப்ட்டவன்தான் நிறுத்துன. இல்லாங்காட்டி நான் உன் எதிர்ல குந்திக்கினு டீ குடிப்பனா?"

"அது வேற."

"இன்னா வேற? அவன் பொய் சொன்னான். நீ அந்தப் பொய்ய நம்புன. ரெண்டும் ஒண்ணா?"

"பீலா வுடாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் மனைவி என்னோடு வாசல் வரை வந்தாள். "அண்ணா, காலுக்காக ஒரு நாளு அயுவல அவரு. டாக்டர் விரலை எடுக்கணும்னப்பகூட சரின்னு தலையாட்டினாரு. ஆனா தப்பு தன்னோடதுன்னு சொல்லிக்கினே கீறாரு. சாப்புடச் சொன்னாலும் அதையே சொல்றாரு, தூக்கத்துலயும் சொல்றாரு. நாங்க சொன்னா எங்க கேக்குறாரு? செஞ்சவன் வாயால உண்மை வரணும், அண்ணா."

தெருமுனைவரை நடந்து வந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. அவள் சொன்னதுதான் சரி. நான் ஆயிரம் சொன்னாலும் அவனுக்கு அது தோஸ்துவின் ஆறுதல். அவனை அதிலிருந்து இறக்கிவிடக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அந்த ஒருவருக்கு வாய் இருக்கிறது, வாக்கிடாக்கியில் கேட்டிருக்கிறோம்.

அதனால் உங்களிடமே வருகிறேன், சார்.

கம்பெனியை விரிவாக்கப் போகிறீர்களாம். அந்த உப்பளத்தின் மேல் புது ஷெட் வருகிறதாம். கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வருவார்கள், நீங்கள் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பீர்கள். குப்பத்து ஜனங்கள் பின்னால் நிற்பார்கள். மைக் இருக்கும். நானும் பாயும் டிரைவரும் வருகிறோம். அவனையும் ஆட்டோவில் கூட்டிவருகிறோம். வரமாட்டேன் என்பான், தூக்கிக்கொண்டாவது வருவோம். முன்னால் ஒரு நாற்காலி அவனுக்கு.

அங்கே மூன்று கேள்வி கேட்பேன். வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள், எனக்கு வேண்டாம். ஆபீஸுக்கு வரச்சொல்லாதீர்கள். மைக்கில் கேட்பேன், மைக்கில் பதில் சொல்லுங்கள். அந்தத் தார்ப்பாய் லாரிகளில் வந்தது என்ன? அதை அங்கே கொட்டச் சொன்னது யார்? மலையிலிருந்து வந்தவர் தரைக்கு அடியில் என்ன என்று கேட்டபோது, தெரிந்துகொண்டே ஒன்றுமில்லை என்றீர்களா, இல்லையா? அவன் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, சொல்லுங்கள்.